சார்ஜ் ஏறுகிற வரைக்கும்

யாக்கோபு சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினான். இந்தத் தடவை அந்த 'டக்' கூட இல்லை.

ஜீப்பின் நெற்றியில் நேற்று அப்பிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நான்கு சக்கரங்களின் முன்னாலும் எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் முழுசாகக் கிடந்தன. மணி ஏழு. எட்டுப் பத்துக்குக் கூட்டு ரோட்டில் பஸ். ஒன்பதரைக்குச் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் கம்பெனியில் டிரைவர் வேலைக்கு இன்டர்வியூ. விஜயதசமி நல்ல நாள் என்று இன்றைக்கே ஆள் எடுக்கிறார்கள். இன்டர்வியூ கார்டு சட்டைப்பையில் வேர்வையில் நனைய ஆரம்பித்திருந்தது.

ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி நின்றது கேம்ப் வண்டி. ரயில் பெட்டியில் ஒரு துண்டை வெட்டி இரண்டு சக்கரம் வைத்தது போல இருக்கும். மண் பரிசோதனைக் கம்பெனிக்குச் சொந்தம். ஃபேக்டரி வரப்போகிற வயல்களுக்கெல்லாம் அதை இழுத்துப் போய் நிறுத்துவதும், அதன் கட்டிலுக்கடியில் இருக்கும் இரண்டு பேட்டரிகளை உயிரோடு வைத்திருப்பதும்தான் யாக்கோபின் வேலை. விளக்கு, ஃபேன், அளவு குறிக்கும் மிஷின் எல்லாம் அதில்தான் ஓடின. ஜீப் ஓடினால் கொக்கி பக்கத்துத் தடித்த ஒயர் வழியாகச் சார்ஜ் ஏறும். என்ஜினை நிறுத்தினால் உடனே அந்த ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். மறந்தால் கேம்ப் வண்டி தன் கரண்டைத் தீர்த்துவிட்டு ஜீப்பின் கரண்டையும் குடித்துவிடும்.

ஒரே இடத்தில் முகாம் போட்டாலும் விடுதலை கிடையாது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஜீப்பில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். பழைய டைனமோ. காலை எடுத்தால் டேஷ்போர்டில் சார்ஜ் காட்டும் முள் படுத்துவிடும். நான்கு வருஷமாக யாக்கோபு நின்ற இடத்திலேயே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

வீடு இருந்த மண்ணூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் போக முடிந்தது. போன தடவை ஆறு வயசு பிரவீனா அவன் மடியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நீ எப்போ உன் வூட்டுக்குப் போவ?" என்று கேட்டாள். அடுப்பங்கரையில் மனைவி ஜாஸ்மின் கரண்டியால் கிண்டுவதை நிறுத்தினாள்.

தப்பு நேற்று சாயங்காலம் நடந்தது. சமைக்கிற கங்கம்மாள், வல்லம் வடகால்காரி, ஆயுத பூஜைக்கு ஸ்பேனர் முதல் துளை போடும் குழாய் வரை கழுவிப் பொட்டு வைத்தாள். ஒயரின் பிளக்குக்கும் ஒரு பொட்டு, ஒரு முழம் கதம்பம். கற்பூரம் காட்டி முடித்ததும் யாக்கோபு பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினான்.

"ஏய், கைய எடு! பூசை போட்ட சாமான காலைல வரைக்கும் அசைக்கக் கூடாது!" என்று கத்தினாள் கங்கம்மாள்.

"விடுய்யா, ஒரு ராத்திரிதானே" என்றார் என்ஜினியர் ஸ்ரீதர், வாய் நிறையப் பொரியோடு.

பேட்டரி இறங்கிவிடும் என்று யாக்கோபு சொல்லியிருக்கலாம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் இவர்கள் பூஜையைக் கெடுத்தான் என்று ஆகிவிடுமே என்று கையை மடக்கிக்கொண்டான்.

இப்போது ஸ்ரீதர் வாயில் பிரஷ்ஷோடு கேம்ப் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "விடியறப்பவே ஃபேன் நின்னு போச்சுய்யா. வெந்து போயிட்டேன்."

"ஜீப்பும் செத்துடுச்சு சார்."

கங்கம்மாள் முகம் மாறியது. ஊருக்குள் ஓடினாள். தம்பியையும் இன்னும் மூன்று ஆட்களையும் இழுத்துவந்தாள். கொக்கியையும் ஒயரையும் கழற்றிவிட்டு ஜீப்பை மட்டும் வரப்புப் பாதையில் தள்ளினார்கள். "இன்னா நைனா, பொண்ணு ஊர்கோலமா? நல்லா முக்குங்கடா!" என்றான் தம்பிக்காரன். மூன்றாவது தடவை கிளட்சை விட்டதும் என்ஜின் இருமியது, செருமியது, கரும்புகையோடு பிடித்துக்கொண்டது. ரிவர்ஸில் வந்து ஒயரை மாட்டியபோது மணி ஏழே முக்கால்.

"சார், நான் கெளம்பறேன். பஸ்ஸு..."

"எங்கய்யா கெளம்புற? பத்து மணிக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. மிஷின் ஓடலைன்னா என் கதி என்ன? ரெண்டு மணி நேரம் மிதி. விஜயதசமி அடுத்த வருஷமும் வரும்."

ஸ்ரீதர் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கும் இரண்டு கால் இருக்கிறது என்பது யாக்கோபுக்குத் தோன்றவே இல்லை. மிதித்தான். முள் நடுங்கிக்கொண்டே எழுந்தது. காலை லேசாக எடுத்துப் பார்த்தான், விழுந்தது. திரும்ப மிதித்தான். கண்ணாடிக்கு வெளியே ரோடு வெள்ளையாக, காலியாகக் கிடந்தது.

டீ டம்ளரோடு கங்கம்மாள் வந்தாள். "பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"எட்டுப் பத்து."

"நேத்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"உங்க பூசைக்கா... நான் குறுக்க பேசினா..."

"மூணு வருசமா என் கையால துன்ற. இப்போ இன்னா உங்க பூசை, எங்க பூசை?" டம்ளரை பானட்டில் வைத்தாள். "நகரு."

"உனக்கு வராதுக்கா."

"தையல் மிஷினு மிதிச்ச காலுடா இது. முள்ளு எங்க நிக்கணும், அத்த மட்டும் சொல்லு."

"சார் என்னை வேலைய விட்டே தொரத்திடுவாரு."

"நீ ஓடறதே அதுக்குத்தானே!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். ஒரு நிமிஷம் அவன் செருப்புக்கால் மேலேயே அவள் வெறுங்கால் இருந்தது. அவன் காலை உருவினான். என்ஜின் 'லொக்' என்று தாழ்ந்தது. பிறகு அது எழுந்துகொண்டது.

"ஓடு!"

வரப்பில் ஓடினான். பின்னால் என்ஜின் சத்தம் ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு தடவை இறங்கியபோதும் அவன் ஓட்டம் தடுமாறியது. கேம்ப் வண்டியின் கதவு திறந்தது. "யாக்கோபு!" என்று ஸ்ரீதர் கூப்பிட்டது தெளிவாகவே கேட்டது.

கூட்டு ரோட்டில் பஸ் திணறிக்கொண்டு வந்து நின்றது. படிக்கட்டில் தொற்றினான். வளைவு திரும்பும்வரை ஜீப்பின் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தான். ஓடுகிறதா, நின்றுவிட்டதா? பஸ்ஸின் இரைச்சலில் எதுவும் பிடிபடவில்லை.

"கால எடுத்து உள்ள வைய்யா" என்றார் கண்டக்டர்.

யாக்கோபு குனிந்து பார்த்தான். இடது கால் படியில் சும்மா நின்றது. வலது கால் மட்டும், நரம்பு புடைக்க, பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.