சுரங்கத்தில் விளக்கு அணைந்த பிறகு

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கிண்டலாகத்தான் வைத்தார்கள், ஆனால் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. பழைய வீடியோ கேம்களைத் தூசி தட்டி, இன்றைய கருவிகளில் ஓடும்படி செய்து மறுபடி வெளியிடுகிற சிறிய நிறுவனம் அது. வெளியே போகுமுன் ஒவ்வொன்றையும் ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. சுவரில் ஒரு செங்கல் நிறம் மாறியிருந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

அந்த வருடம் அவர்கள் கையில் எடுத்தது, தயாரிப்பு நின்று வெகுகாலமாகிவிட்ட, டிவியில் மாட்டி ஆடும் ஒரு கன்சோலின் கேம்களை. வந்த வேகத்திலேயே மண்ணைக் கவ்விய கன்சோல். அதில் பேர் வாங்கியவையெல்லாம் ஏற்கெனவே பல தடவை மறுவெளியீடு கண்டுவிட்டன. மிச்சம் கிடந்தவை யாரும் சீந்தாதவை. மேலாளர் அவற்றை ஒரு தொகுப்பாகக் கொண்டுவரத் திட்டமிட்டார். சீந்தாமல் விட்டது நியாயம்தான் என்று அவளுக்கு ஆடத் தொடங்கியதுமே புரிந்தது. கார்ப் பந்தயம் ஒன்றில் முன்னால் போவதைவிடப் பின்னால் போனால் கார் வேகமாக ஓடியது.

'அடியாழம்' என்ற கேம் மட்டும் அவளைப் படாத பாடு படுத்தியது. மண் சரிந்து வழி அடைபட்ட சுரங்கத்தில் தொழிலாளி ஒருத்தி மாட்டிக்கொள்கிறாள். வேறு வாசல் தேடிக் கீழே, இன்னும் கீழே போகிறாள். கதை அவ்வளவுதான். முதல் கட்டம் முடிந்ததும் அவள் கைவிளக்கு அணைந்துவிடும். அதற்குப் பிறகு திரை முழுக்கக் கறுப்பு. வெளிவந்த காலத்தில் வாங்கியவர்கள் டிவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்கள். பிறகு கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். அவசரத்தில் முடிக்காமல் விட்ட கேம் என்று ஊர் உலகமே முடிவுகட்டியது. மேலாளரும் அப்படித்தான் நினைத்தார். விளக்கை அணையாமல் எரியவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று புரோகிராமரிடம் சொல்லிவிட்டார். அதற்கு முன் ஒரு தடவை இருட்டிலேயே ஆடி, எங்கெங்கே தடுக்குகிறது என்று குறிக்கும் பொறுப்பு பூதக்கண்ணாடியிடம் வந்தது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருந்தது. ஒரே சுரங்கப்பாதையில் முட்டி மோதி நாள் முழுக்க வீணானது. வெறுத்துப்போய், வார இறுதியில் கருவியையும் ஒரு சிறு திரையையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். கீழே அண்ணனுடைய ரொட்டிக் கடை. கல்லாவில் அண்ணி, பின்கட்டில் மாவும் அடுப்புமாக அண்ணன். கல்லூரி நாட்களில் வந்த ஒரு காய்ச்சலில் அண்ணனுக்கு இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது. அதுவரை வீட்டில் கேம் ஆடும் கண்ட்ரோலருக்காக அண்ணனும் தங்கையும் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். அதன் பிறகு அவன் அதைத் தொட்டதில்லை. அவள் செய்கிற வேலையைப் பற்றி விசாரிப்பான், சிரிப்பான், அதோடு சரி.

மாடியில் இடம் போதாததால் பின்கட்டிலேயே, மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் திரையை வைத்தாள். அதில் ஒலி வரவில்லை. அண்ணன் பாட்டுக் கேட்கச் சுவரின் இரு மூலையிலும் மாட்டியிருந்த ஸ்பீக்கர்களில் கம்பியைச் செருகினாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்களுக்குத் தொல்லை என்று சத்தத்தை அடைத்துவிட்டு ஆடுவதே வழக்கம். அன்றுதான் அந்தச் சுரங்கம் வாய் திறந்தது. அவளுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. தண்ணீர் சொட்டியது, கல் உருண்டது, எங்கோ காற்று முனகியது. அவள் பாட்டுக்கு மோதிக்கொண்டிருந்தாள்.

மாவு பிசைந்துகொண்டிருந்த அண்ணன் கையை நிறுத்தினான்.

"பாப்பா, இடது பக்கம் வழி திறந்துதானே இருக்கு? அப்புறம் ஏன் செவுத்துலயே போய் முட்டிக்கிறே?"

கேலி செய்கிறான் என்று நினைத்தாள். இருந்தாலும் இடதுபக்கம் திரும்பி நடந்தாள். மோதவில்லை. காலடிச் சத்தம் மட்டும் மாறியது. திரையில் அதே கறுப்பு.

"இப்ப படி வருது, மெதுவா போ" என்றான் அவன். படி வந்தது.

அவள் எழுந்து கண்ட்ரோலரை அவனிடம் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தாள். அவன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தான். கட்டைவிரல்கள் பொத்தான்களைத் தாமாகவே தேடிப் பிடித்துக்கொண்டன.

அன்று மதியம் அவன் போன வழியெல்லாம் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவள் கண்ணால் எதையும் பார்க்கவில்லை என்றாலும். கல்லை எடுத்து முன்னால் எறிவான். அது விழுகிற ஓசையிலேயே பள்ளம் எவ்வளவு ஆழம் என்று சொல்வான். சொட்டும் தண்ணீரை வலது காதில் வைத்துக்கொண்டே ஒரு வளைவு முழுக்க நடந்தான். தாழ்ந்த கூரையில் சுரங்கத்துப் பெண்ணின் மூச்சு பக்கத்திலேயே திரும்பி வந்தது. கூரை உயர்ந்தால் தள்ளிப் போய் வந்தது. ஒவ்வொன்றாக அவன் சொல்லச் சொல்ல, இரைச்சல் என்று அவள் தள்ளிய சத்தமெல்லாம் சுவராகவும் திருப்பமாகவும் எழுந்து நின்றது. ஊரே குப்பை என்று தள்ளியதற்குள் ஒரு முழு மலை இருந்திருக்கிறது. அடுப்புக்குள் ஒரு தட்டு ரொட்டி கருகிக்கொண்டிருந்தது இருவருக்குமே தெரியவில்லை. வாடை பிடித்துத் திட்டிக்கொண்டே வந்த அண்ணி, புருஷன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரமாக நின்றுவிட்டாள்.

ஒரு குறுகலான பாதையை ஊர்ந்து கடந்த பிறகு அண்ணன் சட்டென்று நின்றான். கல்லை எறிந்தான். விழுந்த ஓசை வரவில்லை. வெகுநேரம் கழித்து, எங்கோ கீழே தண்ணீரில் மெல்ல ஒரு சத்தம். அந்தச் சத்தம் தொலைவில் ஒரு சுவரைத் தொட்டுத் திரும்பியது, பிறகு இன்னும் தொலைவில் இன்னொன்றை. அடங்க மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

அண்ணன் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டான்.

"எவ்வளவு பெரிசா இருக்கு, பாப்பா" என்றான். குரல் தாழ்ந்திருந்தது, பெரிய இடத்துக்குள் வந்துவிட்டவன் போல.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். மாவு மூட்டையும் அடுப்பும் சுவர்களும் இல்லாமல் போயின. தலைக்கு மேலே வானளவு உயரம். காலடியில் அடி தெரியாத நீர். இத்தனை வருடம் பூதக்கண்ணாடி என்று பேர் எடுத்தவளுக்கு, கண்ணை மூடியபோதுதான் இவ்வளவு பெரிய ஒன்று அகப்பட்டது. அழுகை வந்தது, துக்கமில்லாத அழுகை. அண்ணி மெதுவாக வந்து அண்ணனின் தோளில் கை வைத்தாள்.

அடுத்த வேலைநாளில் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, உங்கள் அண்ணனைப் போலக் காது எல்லோருக்கும் வாய்க்காது, கறுப்புத் திரையை விற்றால் அன்று போலவே இன்றும் திருப்பித்தான் கொடுப்பார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அதற்குப் பதில் புரோகிராமரிடமிருந்து வந்தது. விளக்கை எரியவிடும் வேலையை அவர் அதற்குள் முடித்திருந்தார். தலையைச் சொறிந்துகொண்டே வந்து, ஒரு விஷயம் பாருங்கள் என்று இருவரையும் தன் மேசைக்குக் கூட்டிப்போனார். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் அதில் பார்க்க ஒன்றுமில்லை. பாறை இல்லை, படி இல்லை, அந்தப் பெரிய குகையும் இல்லை. சாம்பல் நிற வெறுமை மட்டும்.

"யாருமே இதை வரையலை சார்" என்றார் அவர். "எல்லாத்தையும் சத்தத்துலயே கட்டியிருக்காங்க. விளக்கைத் தெரிஞ்சேதான் அணைச்சிருக்காங்க."

மேலாளர் அந்தச் சாம்பல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டி, விளக்கை அணைக்கச் சொன்னார். அன்று மாலைவரை அவர் அதைக் கழற்றவில்லை.

'அடியாழம்' இருட்டோடேயே வெளிவந்தது. 'ஹெட்போன் அணிந்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள்' என்று தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்; அதையே உரக்கச் சொல்லும் குரலும் உண்டு. குரல் அண்ணியுடையது. விற்பனை ஓகோ என்று சொல்ல முடியாது. ஆனால் பார்வையில்லாதவர்கள் வாங்கினார்கள், தங்கள் நண்பர்களையும் வாங்கவைத்தார்கள். முன்பு திருப்பிக் கொடுத்த ஒருவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்.

சில வாரங்கள் கழித்து, அந்தக் கேமுக்கு அன்று ஒலி அமைத்த அம்மாள் நிறுவனத்தைத் தேடிப்பிடித்துப் பேசினார். அதற்குப் பின் அவர் எந்தக் கேமுக்கும் வேலை செய்யவில்லையாம். தான் அமைத்ததை யாரும் கேட்கவே இல்லை என்று நினைத்திருந்தாராம். முதலில் கேட்டவருடன் பேச முடியுமா என்றார். பூதக்கண்ணாடி கடை எண்ணைக் கொடுத்தாள்.

மாலை அவள் வீடு திரும்பியபோது கடையில் கூட்டம். அண்ணி ஒற்றை ஆளாய்ச் சமாளித்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் அண்ணன், காதில் போனோடு, மாவுக் கையால் காற்றில் எதையோ உயரமாக வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தான், அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரியும் என்பதுபோல.

"இல்லைங்க, தண்ணி எனக்கு வலது பக்கமாத்தான் விழுந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "ஆமாம். அந்தப் பெரிய இடத்துல அப்படியே நின்னுட்டேன். போக மனசு வரலை."