இன்னொரு தடவை

பரிசோதனைக்கு வந்த மல டப்பாக்களில் ஒன்பதாவதைத் திறந்து, குச்சியால் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரத்தம் எடுக்கும் பெண் ஃபோனை நீட்டியபடி உள்ளே வந்தாள். பதினாறு வருஷமாக எனக்கு இந்த லேபில் வேலை. சளி, சிறுநீர், புண்ணிலிருந்து வழித்த சீழ் என்று மனித உடம்பு வேண்டாமென்று தள்ளுவதெல்லாம் என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் போகும். முதல் வாரம் மதியச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அப்புறம் மூக்கு பழகிவிட்டது. வீட்டில் நான்கு குட்டை நாய்கள் வேறு. ஒன்று வாந்தி எடுத்தால் இன்னொன்று அதை நக்க ஓடிவரும். நான் துணியோடு முந்திக்கொள்ள வேண்டும். அருவருப்பு என்ற சங்கதியே என்னைவிட்டுக் கழன்று போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இன்னொரு நாயக் காப்பாத்தியிருக்கார். காலையிலேருந்து எல்லாரும் இதத்தான் பாத்துட்டிருக்காங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் கையில் உறை இருந்ததால் அவளே ஃபோனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

ஏதோ ஒரு சுவரோரம். தார்ச்சட்டியில் விழுந்து எழுந்தது போல ஒரு சின்ன நாய். கண்கள் ஒட்டிக் கிடந்தன, ரோமம் கறுப்புக் கட்டியாக உடம்போடு இறுகியிருந்தது. இவர் மண்டிபோட்டு உட்கார்ந்து, யார் செய்த வேலை இது, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இல்லையா என்று கேமராவைப் பார்த்துக் கேட்டார். குரல் சரியான இடத்தில் உடைந்தது. பிழைக்குமா தெரியவில்லை, வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். பின்னால் வயலின். நாயைத் தூக்க இவர் கை அதன் வயிற்றுக்கு அடியில் போனதும் அதன் இடது முன்னங்கால் மட்டும் காற்றில் துடுப்புப் போட்டது. நாலைந்து தடவை, அவசரமில்லாமல்.

வயிற்றைத் தொட்டால் அப்படி நீந்துகிற நாய் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீட்டில் இருந்தது.

எங்கள் நான்கு நாய்களில் மிளகு என் தங்கை கொடுத்தது. பொட்டலம் லேபின் பின்வாசலில், டேப் ஒட்டிய அட்டைப்பெட்டிக்குள் கிடைத்தது. சுண்டு சாக்கடையிலிருந்து வந்தது. கடைசியாக வந்த கிழ நாய் தாத்தா, அப்படி நீந்துவது அதுதான். வீடு மாற்றிப் போன யாரோ மாடிப்படிக் கம்பியில் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை, மிச்சம் நான்கு பல், நாக்கு எப்போதும் இடது பக்கம் தொங்கும். ராத்திரியில் நான்கும் எங்கள் கட்டிலில்தான். எங்களுக்கு நடுவே பிள்ளைகள் படுக்க வேண்டிய இடம் காலியாகவே இருந்ததால் யாருக்கும் நெருக்கடியில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு, மழையானாலும், நான்கு கயிறுகளையும் பிடித்துக்கொண்டு இறங்குவது இவர்தான். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகணும் என்று தூக்கக் கலக்கத்தில் சிரித்துக்கொண்டே போவார். தாத்தாவுக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து விரலால் ஊட்டியவரும் இவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் தவறியவளாவேன்.

இவருக்கு மெத்தைக் கடையில் விற்பனை. சும்மா உள்ளே வந்தவரைக்கூட ஒரு நிமிஷம் படுத்துப் பாருங்கள் என்று படுக்கவைத்துவிடுவார். சுண்டுவைச் சாக்கடையிலிருந்து எடுத்த வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்த பிறகு அந்தப் பேச்சு கேமரா பக்கம் திரும்பியது. ஃபோனை நிறுத்த மூன்று கால் ஸ்டாண்ட் வந்தது, விளக்கு வந்தது. தெருவில் முன்பின் தெரியாதவர்கள் இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நடுவில் காப்பாற்றிய இரண்டு நாய்கள் நல்ல வீடுகளுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. தாத்தாவை மட்டும் ஒரு வீடியோவிலும் சேர்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் ஜனங்கள் வீடியோவைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்பார்.

நேற்று இவருக்கு வார விடுமுறை. சாயங்காலம் நான் வந்தபோது வீடு முழுக்க ஃபினாயில் நெடி. தாத்தாவைக் குளிப்பாட்டியதாகவும், பின்னறையில் துண்டுக்குள் தூங்குவதாகவும், எழுப்ப வேண்டாமென்றும் சொன்னார். வயசான உயிர் தூங்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு லேபிலிருந்து கிளம்பினேன். கதவைத் திறந்ததும் மூன்று நாய்கள் காலைச் சுற்றின. பின்னறையில் தாத்தா அதே துண்டுக்குள் கிடந்தது. அவிழ்த்தபோது மண்ணெண்ணெய் குப்பென்று வந்தது. அடிவயிறும் தொடையிடுக்கும் வெந்த மாதிரி சிவந்து தோல் உரிந்திருந்தது. காது மடிப்புக்குள் கறுப்பு இன்னும் பாக்கி. விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பதினாறு வருஷப் பழக்கம். வண்டி ஆயில். அதற்குள் நறநறவென்று இல்லாமல் மெத்தென்று ஏதோ திரண்டிருந்தது. சமையலறைக்குப் போய் மாவு டப்பாவை எடுத்தேன். மூடியில் ஒரு கட்டைவிரல் ரேகை, கறுப்பாக, வரி வரியாக, அச்சுப் போட்டது போல. இன்று காலை அந்த டப்பாவிலிருந்துதான் எனக்கும் இவருக்கும் ரொட்டி சுட்டிருந்தேன்.

தொட்டியில் குனிந்து வாந்தியெடுத்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பிட வந்தார். நாய்கள் பாய்ந்து ஏறின, இவரும் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தார். நான் தாத்தாவின் காதைச் சமையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்ணின?" என்றேன். கல்யாணமான பதின்மூன்று வருஷத்தில் முதல்தடவையாக 'ங்க' வாயில் வரவில்லை.

அவர் அதைக் கவனித்தார். "தார் இல்ல அது. ஆயிலும் மாவும்தான். தார் பூசுவேனா நான்? பூசறப்பக்கூட பதமாத்தான் பூசினேன். அதுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது. கண்ணு தெரியாதில்ல" என்றார்.

மண்ணெண்ணெய் எதற்கு என்று கேட்டேன். வேறெதிலும் போகவில்லையாம். இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நாய் எடுத்து வளர்க்கிறேன் என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், ஒரு நாயின் ஒரு நாள் கஷ்டத்தில் நூறு நாய்க்கு வீடு கிடைக்கிறது, யோசித்துப் பார் என்றார். கடையில் பேசுகிற அதே குரல். என்னையும் ஒரு நிமிஷம் படுத்துப் பார்க்கச் சொல்கிறார் என்று தோன்றியது. சுண்டு அவர் தாடையை நக்கியது. நக்குகிற அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு நாய்கள் எங்கே என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கும்" என்றார். பிறகு சண்டைக்கு வருகிற தோரணை இல்லாமல், ஞாபகப்படுத்துகிற மாதிரி, "சுண்டுவ எடுத்தன்னிக்கு ஃபோன் புடிச்சது யாரு?" என்று கேட்டார்.

நான்தான் பிடித்தேன். மழை நின்ற சாயங்காலம், உடைந்த சாக்கடை மூடி வழியாக முனகல் கேட்டு இவர் கவிழ்ந்து படுத்துத் தோள்வரை கையை விட்டு அதை வெளியே எடுத்தார். உள்ளங்கையளவு குட்டி, வெடவெடவென்று நடுங்கியது. சந்தோஷத்தில் நான் அழுதுகொண்டே எடுத்ததில் படம் இருட்டாக, ஆடிப்போய் வந்திருந்தது. இன்னொரு தடவை எடுத்துடலாம், அரை நிமிஷம்தான் என்றார் இவர். குட்டியை மறுபடி அந்தத் தண்ணீருக்குள் இறக்கினார். அது இவர் விரலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் முந்தானையால் லென்ஸைத் துடைத்துவிட்டு, "ம், இப்ப எடுங்க" என்றேன். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தது அந்த இரண்டாவது தடவையைத்தான்.

அவர் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். கையைக் கழுவினார். சாயங்காலம் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். தட்டை நான் தொடவில்லை.

கால்நடை டாக்டரம்மா எங்கள் நான்கையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். முன்மேஜைப் பெண் தாத்தாவைப் பார்த்ததுமே, வீடியோவில் வந்த நாய்தானே, சார் கடவுள் மாதிரி மேடம் என்றாள். உள்ளே டாக்டரம்மா ரோமத்தை மழித்து, வெந்த இடங்களைக் கழுவி, களிம்பு போட்டுச் சுற்றிக் கட்டினார். ஈறு வெளுத்திருக்கிறது, நக்கியதில் எண்ணெய் உள்ளேயும் போயிருக்கும், இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். பிறகு யார் செய்தது என்று தெரிந்ததா என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்தான் பூசினார்" என்றேன். "எழுதிக்கங்க."

அவர் பேனாவை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். எழுதினால் இது இந்த அறையோடு நிற்காது, விலங்கு வதைத் தடுப்புக்காரர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்றார். மேஜையில் கிடந்த தாத்தாவின் தலைமேல் கை வைத்துக்கொண்டு, "மத்த மூணையும் அந்த வீட்ல விட்டுவைப்பாங்கன்னு நான் சொல்ல முடியாதும்மா. போனா உங்களுக்கும் சேத்துத்தான் போகும்" என்றார்.

மிளகு என் கழுத்தில் மூக்கை வைத்தால்தான் தூங்கும். பொட்டலத்துக்கு இடி இடித்தால் என் புடவைக்குள் வரவேண்டும். அடுத்த நாயைக் கொண்டுவந்தவர் வெளியே கதவைத் தட்டினார். எழுதுங்கள் என்றேன். எழுதி முடித்துக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். முதல் தடவை ஃபோன் பிடித்தது நான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதை எழுத இந்தப் படிவத்தில் இடமில்லை என்றார். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் விளக்கைக்கூடப் போடாமல் தரையில் உட்கார்ந்தேன். மூன்றும் வந்து கட்டுத்துணியை முகர்ந்துவிட்டு, மருந்து வாடை பிடிக்காமல் தும்மிக்கொண்டு விலகிப் படுத்தன. என் மடியில் தாத்தா வெந்நீர்ப் பை போலச் சுட்டது. மூச்சு மேலாக ஓடியது. சோறு ஊட்டிப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. தண்ணீரைப் பஞ்சில் நனைத்துத் தொங்கும் நாக்கில் வைத்தேன். அதற்கும் அசைவில்லை.

தெருமுனையில் இவருடைய ஸ்கூட்டர் திரும்பியது. இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்பது எப்போதும் தாத்தாதான். கட்டுக்குள்ளிருந்து அதன் தலை அரை அங்குலம் எழுந்தது. காது விறைத்தது. பிறகு வால் தரையில் பட்டு மெதுவாக அடிக்கத் தொடங்கியது. டப், டப் என்று. ஸ்கூட்டர் நெருங்க நெருங்க அதன் வேகம் கூடியது. அந்த வாலைக் கையால் இறுக்கிப் பிடித்தேன். வாசலில் எஞ்சின் நின்றது, சாவி குலுங்கியது. என் மூடிய கைக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது.