கத்தி நிற்கும் இடம்

நான் கம்ப்யூட்டரில் செய்த முதல் டெக்னோ நடன இசை டிராக்கில் எதற்கும் குறைவில்லை. டிரம் அடிக்கு மேல் வயலின், மணியோசை, மழைச்சத்தம், ரோபோ குரல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டியிருந்தேன். அக்கா இந்தத் தொழிலில் கில்லாடி; அவள் டிராக் போட்டால் அரங்கமே ஆடும். அவள் காதுக்குக் கோயிலே கட்டலாம். பாராட்டுவாள் என்று லேப்டாப்பை நீட்டினேன். அவளோ அதைத் தூக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய் ஸ்பீக்கரில் போட்டாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "ஆரம்பிச்சுட்டீங்களா? இதெல்லாம் ஒரு பாட்டு!" என்று எரிந்து விழுந்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவள் கத்தி தாளத்தோடு விழத் தொடங்கியது. அது அம்மாவுக்கே தெரியாது.

"ஸ்கிரீனைப் பார்க்காதே, அம்மா கையைப் பாரு," என்று அக்கா என் காதில் சொன்னாள். "எதை எடுத்தா கை நிக்குதோ, அதை மட்டும் வெச்சுக்கோ."

வயலினை நிறுத்தினாள். கத்தி அசரவில்லை. மணி போனது, மழை போனது, நான் ராப்பகலாகச் செதுக்கிய ரோபோவும் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தி அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

கடைசியாக மிஞ்சிய டிரம் அடியையும் அக்கா நிறுத்தினாள். கத்தி அந்தரத்தில் நின்றது.

"ஏன்டி நிறுத்தினே?" என்றாள் அம்மா. "இன்னும் பாதி வெங்காயம் கிடக்கு."