சோதித்தவர் யார்மிலா

கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலை எழுதும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நிரலை அனுப்பும்போது, அதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தவரின் பெயரை அடியில் போட வேண்டும். ஊர் பேர் தெரியாதவர்கள்கூட அந்தப் பெயரை நம்பித்தான் அதை ஏற்றிக்கொள்வார்கள். நான் யார்மிலாவின் பெயரைப் போட்டேன். அவள் ஓட்டிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். எப்படியும் பார்க்கத்தானே போகிறாள் என்று வியாழனன்றே அனுப்பிவிட்டேன். அவசரக்குடுக்கை நான்.

நிரல் சின்னதுதான். கணினி எழும்போது கெர்னல் ஒவ்வொரு முகவரியாகத் தட்டி, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கும். வெப்பமானிச் சில்லு பதில் சொன்னால், அதை இயக்கும் டிரைவர் நிரலைத் தானே பொருத்திக்கொள்ளும். பயனர் விரலைக்கூட அசைக்க வேண்டாம். நான் தட்டிய விதத்தில்தான் கோளாறு: படித்துப் பார்ப்பதற்குப் பதில் ஒரு பைட்டை எழுதித் தட்டினேன்.

திங்கள் காலை ஓஸ்த்ராவாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய மடிக்கணினி யார்மிலாவுடையதைப் போன்றதே. அந்த ரகத்தில் அந்த முகவரியில் இருப்பது வெப்பமானி அல்ல, கணினி தன் அடையாளத்தைப் பதிந்து வைத்திருக்கும் சில்லு. என் பைட் அதன் தலையில் விழுந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அணைத்துவிட்டால் மறுபடி எழாது. அணைப்பதற்குள் பழைய பைட்டைத் திருப்பி எழுதினால் பிழைக்கும்.

உடனே கூப்பிட்டேன். யார்மிலா போனை எடுக்கவில்லை, அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். எங்கள் பிர்னோ நகரத்து டிராமோ அன்று பார்த்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாவகாசமாக நின்றது. அவள் அணைத்திருப்பாளா? அணைக்காமலிருந்தால் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு போனேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கதவைத் திறந்தவள் என் காலைப் பார்த்தாள். "பனி ஷூவோட உள்ள வராதே, டுஷான்."

"லேப்டாப் ஓடுதா?"

"நேத்து உன் நிரலைப் போட்டதிலேர்ந்து ஓடுது. ஏன் இப்படி மூச்சு வாங்கறே?"

"அணைச்சுடாதே! தொடவே தொடாதே!"

விஷயத்தைக் கொட்டினேன். அவள் பதறவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள்.

"காலையிலேர்ந்து நாலு பேர் எனக்கு எழுதியிருக்காங்க. 'எங்களுதும் உங்க ரகம்தான், நீங்க சோதிச்சிருக்கீங்கன்னு நம்பிப் போட்டுட்டோம்'ன்னு. வியாழக்கிழமை நான் பல் டாக்டர்கிட்ட வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தேன். எப்போப்பா சோதிச்சேன்?"

"தப்புதான். ரெண்டு நிமிஷத்துல இதைக் காப்பாத்திடறேன். அப்புறம் ஓசைப்படாம ஒரு திருத்தம் அனுப்பிடலாம். உன் பேரும் கெடாது."

"என் பேரா, உன் பேரா?"

நான் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் தட்டிவிட்டாள்.

"முதல்ல எல்லாருக்கும் எழுது. யார்மிலா சோதிக்கலை, நான் பொய் சொன்னேன்னு."

"எழுதறேன். முதல்ல லேப்டாப்..."

"மூணு வருஷமா இதோடதான் குப்பை கொட்டறேன்," என்றாள். லேப்டாப்பின் மூடியை ஒருதரம் தடவினாள். பிறகு அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். நான் கத்துவதற்குள் திரை இருண்டது.

மறுபடி அழுத்தினாள். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவ்வளவுதான்.

"இப்போ நிஜமாவே சோதிச்சாச்சு, இனி நீ மறைக்க முடியாது," என்றாள். "என் பேருக்குக் கீழே என்ன ஆச்சுன்னு எழுது. அந்த நாலு பேரும் இன்னும் அணைச்சிருக்க மாட்டாங்க, அதுக்குள்ள பழைய பைட்டைத் திருப்பி எழுதச் சொல்லு."