பதினேழுக்குப் பதினான்கு, பந்து இன்னும் மேலே

1986 அக்டோபர் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு வில்லோ ஃபோர்க் கல்லூரி மைதானத்தில் உதைத்த பந்து இன்னும் கீழே வரவில்லை. அந்த வாரம் மக்காச்சோளத்தின் விலை படுத்திருந்தது, பிளாட் ஆற்றில் தண்ணீர் குறைவு, தெற்கிலிருந்து லேசான காற்று. பந்து எல்லாப் பந்தையும் போலத்தான் மேலே போனது. உச்சிக்கு வந்ததும் அங்கேயே நின்று, சட்டியில் வதங்குகிற வெங்காயம் போல மெதுவாகப் புரள ஆரம்பித்தது. கடிகாரத்தில் மிச்சமிருந்த ஒரு நிமிடம் ஐம்பது நொடியும் ஓடித் தீர்ந்தது. பலகையில் எங்கள் கொக்குகள் அணி பதினேழு, ஹெப்ளர் கல்லூரியின் காளைகள் அணி பதினான்கு. ஆனால் பந்து தரைக்கு வராமல் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கில்லை. நடுவர் ஹாலிஸ் விசிலை வாயில் கவ்வியபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஊதவில்லை. இருட்டியதும் ஜனங்கள் போர்வையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பந்து மேலே நிற்பது பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேச்செல்லாம் அதைக் கோச் ஏன் உதைக்கச் சொன்னார் என்பதுதான். பேருக்குத்தான் அது கால்பந்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்று வாய்ப்பில் எங்கள் பையன்கள் ஒன்பது கெஜம் போயிருந்தார்கள். நான்காவதில் இன்னும் ஒரே ஒரு கெஜம் போயிருந்தால் பந்து எங்களிடமே இருந்திருக்கும், நேரமும் முடிந்திருக்கும், ஜெயித்திருப்போம். முட்டிப் பார்த்துத் தோற்றால் பந்து அந்த இடத்திலேயே எதிரி கைக்குப் போய்விடும். அந்தப் பயம் இருப்பவர்கள் பந்தை உதைத்துத் தூரத் தள்ளிவிடுவார்கள். கோச் வெர்லின் ஓட்வார்கா உதைக்கச் சொன்னார். அவர் பச்சை விளக்கிலும் ஒரு தடவை வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிற ஆள். மனைவியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டதே தபாலில்தான்.

ஞாயிறு சர்ச் முடிந்து டோரீன் கடையில் எல்லோரும் கூடுவார்கள். காரமான பீன்ஸ் சூப்பும் அதில் தொட்டுத் தின்னப் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் கிடைக்கும். தானியக் கிடங்கு நடத்துகிற ஆர்லோ பென்னர், தன் மேசையில் உப்புப் புட்டியையும் மிளகுப் புட்டியையும் ஆட்டக்காரர்களாக நிறுத்தி, முந்தின நாள் ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டுவார். கோச் எந்த வாரமும் வராமல் இருந்ததில்லை. தோற்ற வாரங்களில் கொஞ்சம் சீக்கிரமே வருவார்.

"ஒரு கெஜம், கோச்! ஒரே ஒரு கெஜம்!" என்றார் ஆர்லோ, மிளகுப் புட்டியை ஆட்டிக்கொண்டே. "நம்ம டுவைட்டு இருநூத்தி நாப்பது பவுண்டு இருக்கான். தூக்கத்துல புரண்டு படுத்தாலே ஒரு கெஜம் போயிருவான்."

"பின்பக்கமா புரண்டுட்டா?" என்று கேட்டார் வெர்லின்.

"இதான்! இந்தப் பயந்தான் உங்க வியாதி!"

"ஆர்லோ, சூப்பு ஆறுது," என்றாள் டோரீன். "அந்த மனுசனயும் நிம்மதியா சாப்பிட விடுங்க."

வெர்லின் ஒன்பது வருடமாக ஹெப்ளரிடம் தோற்றிருந்தார். பத்தாவது தடவையும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று கல்லூரி சொல்லிவிட்டிருந்தது. இந்த ஆட்டத்தில் ஜெயித்தாரா தோற்றாரா என்று பந்து இறங்காமல் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வசந்தத்திலும் கமிட்டி கூடும். கோச்சின் திறமையை மதிப்பிடுவது என்று முதல் விஷயமாக எழுதியிருப்பார்கள். எல்லோரும் ஜன்னல் வழியாக ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு, அடுத்த விஷயமாக மாணவர் விடுதிக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார்கள். ஹெப்ளர்காரர்களும், இது முடியாமல் வேறு ஆட்டத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற கல்லூரிகளோடு பள்ளிக்கூட மைதானத்தில் ஆடி, வெர்லின் பாதி ஜெயித்தார், பாதி தோற்றார்.

முதல் வருடம் நிறைய யோசனைகள் வந்தன. தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டவில்லை. வாத்து சுடுகிற துப்பாக்கியால் சுட்டு இறக்கலாம் என்றார் ஒருவர். வெளியாள் யாராவது பந்தைத் தொட்டால் அந்த நான்காவது வாய்ப்பை மறுபடி முதலிலிருந்து ஆடவேண்டும் என்றார் நடுவர். அதைக் கேட்டதும் துப்பாக்கி எடுக்க ஓடியது ஆர்லோதான். இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். பிறகு பந்து பழகிவிட்டது. குளிர்காலத்தில் அதன் மேல் தொப்பி போலப் பனி உட்காரும். மார்ச்சில் ஆற்றுக்கு வருகிற கொக்குக் கூட்டம் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கும். அதன் நிழல் தபால் நிலைய வாசலைத் தொட்டால் மணி மூன்று என்று அர்த்தம்.

ஆட்டக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடிக்கொண்டே போனார்கள். ஒருவன் ஓமாஹாவில் பல் மருத்துவனாகிற தூரம் வரை ஓடினான். நடுவர் ஹாலிஸ் லிங்கன் நகரிலிருந்து இரண்டு நாள் துணியோடு வந்தவர், டோரீன் கடைக்கு மேல் அறை எடுத்துத் தங்கினார். ஒரு வருடத்தில் விசிலைக் கடைவாய்க்குத் தள்ளிவிட்டுச் சூப்புக் குடிக்கப் பழகிக்கொண்டார். அடுத்த வருடம் டோரீனையே கட்டிக்கொண்டார்.

திரும்பிப் போக முடியாத இன்னொருவன் லைல் எங்டால். ஹெப்ளர் அணியில் அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டியவன். இருபத்தொரு வயது, சோளத்தட்டு நிறத் தலைமுடி, சொன்ன சொல் தட்டாதவன். அவனுடைய கோச், "பந்து இறங்குற வரைக்கும் இங்கயே நில்லுடா தம்பி," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். லைல் நின்றான். முதல் குளிர்காலம் முழுக்கத் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. பிறகு ஆர்லோ அவனுக்குத் தானியக் கிடங்கின் உச்சியில் வேலை கொடுத்தார். அங்கிருந்து பந்து நன்றாகத் தெரியும்.

லைல் விஷயத்தில் ஊருக்கு ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்து விதிப்படி, மேலிருந்து வருகிற பந்தைப் பிடிக்க நிற்பவனை எதிரணியார் இரண்டு கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது. நெருங்கினால் தண்டனை. கடிகாரம் ஓடி முடிந்திருந்தாலும் ஹெப்ளருக்கு இன்னும் ஒரு வாய்ப்பு கிடைக்கும், அதுவும் பதினைந்து கெஜம் முன்னேறிய இடத்திலிருந்து. யாரும் நெருங்காவிட்டால் பந்து இறங்கிய நொடியே நாங்கள் ஜெயித்தவர்கள். ஆகவே எங்கள் ஊரில் ஒருவரும் லைலுக்குக் கிட்டப் போகவில்லை. டோரீன் அவன் மேசையைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, தட்டை நீளமான ரொட்டித் துடுப்பில் வைத்து நீட்டினாள். சர்ச்சில் அவனுக்கு ஒரு பெஞ்சு தனியாக. முடி வெட்ட மாதம் ஒரு தடவை ஹெப்ளரிலிருந்து ஆள் வந்தான்.

கோச்சின் மகள் ரோண்டா மாவட்டச் சாலை அலுவலகத்தில் நிலம் அளக்கிற வேலையில் இருந்தாள். இரண்டு கெஜம் எவ்வளவு என்று நாடா இல்லாமலே அவளுக்குத் தெரியும். அதனால் அவனோடு பக்கத்தில் நடக்கத் துணிந்தவள் ஊரில் அவள் ஒருத்திதான். சாலையின் அந்த ஓரத்தில் அவன், இந்த ஓரத்தில் அவள். அறுவடை விழாவில் இரண்டு கெஜம் தள்ளி நின்றே நடனம் ஆடினார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பழம் வைத்த செக் நாட்டு ரொட்டி சுட்டால் அவனுக்குத் தூக்கி எறிவாள். கடுதாசியைச் சின்னக் கல்லில் சுற்றி எறிவாள். பிறந்தநாளுக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தை எறிந்தாள். ஐந்தரை வருடத்தில் அவன் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

1992 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னாள். "அப்பா, நானும் லைலும் கட்டிக்கலாம்னு இருக்கோம்."

"நல்ல பையன்," என்றார் வெர்லின்.

"கட்டிக்கணும்னா கிட்ட போகணும்லப்பா."

வெர்லின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எவ்வளவு கிட்ட?"

"அப்பா!"

"இல்லம்மா, பந்து இறங்கட்டும்னு சொல்றேன். ஆறு வருசம் ஆச்சு. இன்னும் எவ்வளவு நாளைக்கு மேலயே நிக்கும்?"

"எனக்கு முப்பது ஆகப்போகுது. பந்துக்கு வயசே ஆகல," என்றாள் ரோண்டா. "நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க கூட நடந்து வருவீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

வெர்லின் எழுந்து கொல்லைக்குப் போனார். நிலா வெளிச்சத்தில் பந்தை வெகுநேரம் பார்த்தார். ஐந்தரை வருடமாக அவர் கேட்டதெல்லாம் அது இறங்கி, நீ சரியாகத்தான் செய்தாய் என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்பதுதான். அவர் வாழ்நாளில் ஹெப்ளரை ஜெயித்தது, அல்லது கிட்டத்தட்ட ஜெயித்தது, அந்த ஒரு ஆட்டம். மகள் இரண்டு அடி எடுத்து வைத்தால் அதுவும் சந்தேகம்.

விஷயம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டோரீன் கடையில் நிற்க இடமில்லை. முதலில் நடுவரிடம் கேட்டார்கள்.

"மைதானமா இருந்தா என்ன, சர்ச்சா இருந்தா என்ன? கெஜம் கெஜந்தான்," என்றார் ஹாலிஸ், விசிலுக்குப் பக்கவாட்டிலிருந்து.

"கல்யாணத்துல போயி தண்டனைக் கொடி வீசுவீங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

"வீசுவேன். வீசிட்டு வந்து கேக்கும் சாப்பிடுவேன்."

ஆர்லோ உப்புப் புட்டியையும் மிளகுப் புட்டியையும் தள்ளித் தள்ளி வைத்தார். "கோச், பொண்ணு சின்னஞ்சிறுசு, அதுக்கு ஆட்டம் தெரியாது. நீங்க சொல்லுங்க. ஜெயிச்ச ஆட்டத்த யாராவது கொண்டுபோயி அவனுங்க கையில குடுப்பாங்களா? பொறுமையா இருக்கச் சொல்லுங்க."

வெர்லின் ரொட்டியைச் சூப்பில் முக்கினார். "ஆறு வருசமா போ, போன்னு கத்துனது நீங்கதானே ஆர்லோ?"

"அது வேற. அது ஒரு கெஜம். இது ரெண்டு கெஜம்!"

கடையே சிரித்தது. ஆர்லோ மட்டும் சிரிக்கவில்லை. வெர்லினும் சிரிக்கவில்லை. அவர் மிளகுப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை கல்யாணம். ஊரில் வராதவர்கள் இல்லை. லைலின் பக்கத்தில் ஹெப்ளரிலிருந்து இரண்டு பஸ் ஜனம், நடுவில் அவனுடைய பழைய கோச். பாதிரியார் இரண்டு கெஜத்துக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டார், அவர் எங்கள் ஊர்க்காரர். லைல் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் பந்துக்கு ஏந்துவது போல வைத்துக்கொண்டு நின்றான். வெர்லின் மகளைக் கையில் பிடித்து நடந்து வந்தார். வந்தவர், நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார்.

"ரெண்டு கெஜம், மூணு அங்குலம்," என்றாள் ரோண்டா மெதுவாக. அவள் அளந்தால் அளந்ததுதான்.

மேல் ஜன்னலில் பந்து தெரிந்தது, மெதுவாகப் புரண்டுகொண்டு. மூன்றாவது பெஞ்சில் ஆர்லோ பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. "நிக்கிறாரு பாரு. உதைக்கத்தான் போறாரு."

வெர்லினுக்கும் கேட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"எத்தனாவது வாய்ப்பும்மா இது?"

"நாலாவதுப்பா."

"சரி," என்றார் வெர்லின். "போவோம்."

பந்தை அக்குளில் இறுக்குவது போல மகளின் கையை இறுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, நேராக நடந்தார். இரண்டு கெஜமும் ஒரே மூச்சில். லைலின் ஏந்திய கைகளில் ரோண்டாவை வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். நடுவர் ஹாலிஸ் எழுந்து நின்று அந்த மஞ்சள் கொடியை வீசினார், அது பறந்துபோய்ப் பாதிரியாரின் பைபிள் மேல் விழுந்தது. "தண்டனை குடுத்தே ஆகணும்!" என்று ஹெப்ளர் கோச் எழுந்து கத்தினார். அதற்கப்புறம் யார் என்ன கத்தினார்கள் என்று தெரியவில்லை, இரண்டு ஊரும் சேர்ந்து கத்தின. அந்தச் சத்தத்தில் சர்ச் மணி தானாக இரண்டு தடவை அடித்தது. லைல் ரோண்டாவைக் கீழே விடவே இல்லை. ஐந்தரை வருடம் கைக்கு வந்த எதையும் விட்டதில்லை அவன்.

மறுநாள் ஞாயிறு. வெர்லின் வழக்கமான நேரத்துக்கு டோரீன் கடைக்கு வந்து உட்கார்ந்தார். ஆர்லோ உப்பை மாப்பிள்ளையாகவும், கெட்ச்சப்பைப் பெண்ணாகவும், மிளகைக் கோச்சாகவும் நிறுத்தி, நேற்று நடந்ததை நான்கு தடவை ஆடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"போனது சரி," என்றார்.

பதினைந்து வருடத்தில் ஆர்லோ வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை. வெர்லினின் காது சிவந்துபோனது.

"ஆனா ஏன் நேரா நடுவுல போனீங்க?" என்றார் ஆர்லோ. "இடது பக்கம் காலியா கெடந்துச்சே, கோச்! பாட்டுக்காரங்க பெஞ்சு பக்கமா போயிருக்கணும்!"

வெர்லின் மிளகுப் புட்டியை இடது பக்கமாக நகர்த்திப் பார்த்தார். "ஆமா," என்றார். "இடது பக்கம் நான் பாக்கல." டோரீனிடம் இன்னொரு இனிப்பு ரொட்டி கேட்டார். லைல் எழுந்து போய் எடுத்து வந்து, சுண்ணாம்பு வட்டத்தை மிதித்துக்கொண்டு, மாமனாரின் தட்டில் கையாலேயே வைத்தான்.

தண்டனை நடுவரின் குறிப்பேட்டில் இருக்கிறது. பந்து இறங்கியதும் பதினைந்து கெஜம் அளப்பார்கள், அளக்கப்போவது ரோண்டா. ஹெப்ளர்காரர்கள் அந்த ஒரு வாய்ப்பில் என்ன செய்வது என்று இன்றுவரை திட்டம் போடுகிறார்கள். வெர்லின் அதைத் தடுக்கத் திட்டம் போடுகிறார், அது தப்பு என்று ஆர்லோ ஒவ்வொரு ஞாயிறும் விளக்குகிறார். பலகையில் இன்னும் பதினேழுக்குப் பதினான்குதான். பந்தின் நிழல் தபால் நிலைய வாசலைத் தொடும்போது மணி மூன்று.