ஓரத்தில் நிற்கிறவர்

என் வீட்டுக்காரர் முனியனுக்குப் பாட்டென்றால் பைத்தியம். பொன்னேரியில் அவர் வேலை பார்த்த சவுண்ட் சர்வீஸ் கடையை மூடியபோது, முதலாளி பழைய சிடிகளை மூட்டையாகக் கட்டி அவர் தலையில் ஏற்றிவிட்டார்.

எங்கள் ஏரிக்கரை உப்புக்காற்று சிடியையும் விடாது. வெளிச்சத்தில் பிடித்தால் பொடிப்பொடியாக ஓட்டை தெரியும். எல்லாம் சாவதற்குள் காப்பி எடுக்க வேண்டுமென்று பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செல்போன் பாட்டு மாதிரி சுருக்கி எடுக்க மாட்டாராம். சிடியில் இருப்பது ஒரு துளி குறையாமல் ஃப்ளாக் என்கிற ஃபைலாக வர வேண்டுமாம். கீறல் வந்தால் டிரைவ் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து முனகும். கேட்கவே எனக்குப் பிடிக்காது.

ஒருநாள் என் காதில் ஹெட்போனை மாட்டினார். ஏதோ கோயில் திருவிழாக் கச்சேரி.

"பாட்டுக்குப் பின்னாடி கேளு. ஜெனரேட்டர் ஓடுது. முன்னல்லாம் இது கேட்டுச்சா?"

"ஜெனரேட்டரைக் கேக்கறதுக்கா இவ்ளோ பாடு?" என்றேன். சிரித்தார்.

வீட்டோடு நின்றிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? சின்னதாக ஒரு பிளேயர் வாங்கி, எல்லாப் பாட்டையும் அதில் ஏற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமுண்டாசில் செருகி, வயரைக் காதில் மாட்டிக்கொண்டு ஏரிக்கே வர ஆரம்பித்தார்.

எங்கள் பிழைப்பு கையால் இறால் தடவுவது. குனிந்து சேற்றைத் தடவும்போது இறாலைப் போடும் பறியின் கயிறு பல்லில் இருக்கும், காது தண்ணீருக்குள் இருக்கும். கத்தவும் முடியாது, கேட்கவும் முடியாது. அதனால் படகு ஓடும் பக்கம் ஒருத்தர் முறை வைத்துக் குனியாமல் நிற்பார். மோட்டார் சத்தம் கேட்டதும் உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கி அறைவார். அறை விழுந்த பக்கம்தான் படகு. அதற்கு எதிர்ப்பக்கம் எல்லோருக்கும் கால் தானாக ஓடும். ஓரத்தில் நிற்கிறவரை நம்பித்தான் மற்றவர்கள் உயிர்.

"உன் மொறையன்னிக்காவது அந்தப் பிளேயர வீட்ல வச்சிட்டு வாய்யா" என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாத மோட்டாரா?"

நான் அண்ணி என்று கூப்பிடும் அவருடைய அக்கா நாகம்மாளும் ஒத்து ஊதினார். "வுடு அம்பிகா. என் தம்பிக்குப் பாம்புக் காது."

தம்பி எதைச் செய்தாலும் அண்ணிக்குச் சரிதான்.

அன்று ஏரி முழுக்கப் பனி. ஓரத்தில் நிற்கும் முறை அவருடையது. அவருக்கு அடுத்து உள்ளே அண்ணி, அதற்கும் உள்ளே கரைப்பக்கம் நான். மூச்சு வாங்க நிமிர்ந்தவள் மோட்டார் சத்தத்தைக் கேட்டேன். அவர் காதில் ஓடும் பாட்டுக்கு லேசாகத் தலையாட்டிக்கொண்டு அப்படியே நின்றார். பனிக்குள்ளிருந்து படகின் மூக்கு வெளியே வந்தது. பறிக்கயிறு வாயிலிருந்து விழ, "யோவ்!" என்று கத்திக்கொண்டே தண்ணீரை அறைந்தேன்.

அண்ணி சட்டென்று எழுந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறை கரைப்பக்கமிருந்து வந்ததால், அதற்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தார். படகுக்கு நேராக.

குனிந்த இடத்திலேயே கிடந்திருந்தால் படகு அண்ணிக்கு ஒதுங்கித்தான் போயிருக்கும்.

அண்ணியைக் கரைக்குத் தூக்கி வரும்போது என் வீட்டுக்காரர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஜெனரேட்டர்னு நெனச்சேன். கச்சேரியில ஓடுற ஜெனரேட்டர்னு நெனச்சேன்." அந்த மனுஷனை அங்கேயே ஏரியில் அமுக்கிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்குப் படகு விசிறியில் சிக்கிய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நினைவு வந்ததும் போர்வை பள்ளமாய்க் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அழவில்லை.

"அந்தப் பக்கத்துலேருந்து அறைஞ்சது யாரு?" என்று கேட்டார்.

என் அறைதான் அண்ணியைப் படகுப்பக்கம் ஓடவிட்டது என்று அதுவரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கட்டிலண்டை போய் நின்றார்.

"நான்தாங்கா. எடம் மாறி நின்னுட்டேன்."

"இனிமே என் மூஞ்சில முழிக்காதடா" என்று அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அறைந்தது நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.