வகுப்புக்கு ரெண்டு காது

பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் வேலை கிடைத்திருக்கிறது என்று அவள் வீட்டில் சொன்னபோது, லாரி செட்டில் மூட்டை தூக்கும் அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் ஆள். "பாப்பா, நம்ம சந்துல லைட்டு எரியல. ஜெயிச்சு வந்திருக்க, கொஞ்சம் என்னன்னு பாரும்மா." எந்தத் தேர்தலில் ஜெயித்தேன் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் எதில் வேண்டுமானாலும் ஜெயித்திருப்பாள் என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அந்த நம்பிக்கைகூட இல்லை. விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, "மாணவர் ஆலோசனை மையம்" என்று பலகை மாட்டிக் கொடுத்தார்கள். காற்றுப் போன பந்துகளின் வாசனை மட்டும் காலியாகவில்லை. ஒரு பிள்ளைகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. "என்னடா, மென்டல் ரூமுக்கா?" என்று ஒருத்தன் கேட்டால் போதும், படித்து முடிக்கும்வரை அதுவே பட்டப்பெயர். இதற்காகவா இத்தனை படித்தோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைகள் தன்னிடம் வரமாட்டார்கள் என்றால் பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் துணையாக வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தாள். வகுப்புக்கு இரண்டு பேர். மேலிடம் வைத்த பெயர் "தோழமை உதவியாளர்". பிள்ளைகள் வைத்த பெயர் காது. "எங்க கிளாஸ் காது இன்னிக்கு லீவு, நாளைக்கு வந்து அழுடா" என்று வராந்தாவில் கேலி நடக்கும். மேலிடத்திலிருந்து பயிற்சி அட்டைகள் வேறு வந்திருந்தன. அதில் முதல் கேள்வி, "நீ இப்போது எப்படி உணர்கிறாய்?" ஒரே வாரத்தில் பள்ளிக்கூடமே அதைச் சொல்லிச் சிரித்தது. மண்டையில் பந்து பட்டு விழுந்தவனைச் சுற்றி நின்று, "நண்பா, நீ இப்போது எப்படி உணர்கிறாய்?"

அவள் அட்டைகளைக் கட்டி அலமாரி மேல் வீசினாள். "வீட்ல பேசற மாதிரி பேசுங்க. 'ஏன்டி மூஞ்சி தொங்கிக் கெடக்கு'ன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிட்டு உக்காருங்க. புத்தி சொல்றதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க."

கேட்டதை வெளியே விடக்கூடாது. ஒன்றே ஒன்றை மட்டும், சத்தியம் வாங்கியிருந்தாலும், உடனே அவளிடம் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த ஒன்றில்தான் ஹெச்எம் கட்டையைப் போட்டார்.

"சாவு கீவுன்னெல்லாம் பிள்ளைங்க முன்னாடி பேசாத. செவனேன்னு இருக்கறதுங்க மனசுல நீயே ஏன் போடற? நல்ல வார்த்தையாப் பாத்துச் சொல்லு."

"கேட்டா வந்துடாது மேடம். படிச்சதே அதான். கேக்காம விட்டாத்தான்..."

"ஏம்மா, உன் காண்ட்ராக்ட் இன்னும் என் மேசை மேலதான் கெடக்கு. தெரியும்ல?"

தெரியும். அதனால் பயிற்சி நாளன்று காதுகளிடம் இப்படிச் சொன்னாள்: "யாராவது போயிடணும் போல இருக்குன்னு சொன்னா, ஓடி வந்து எங்கிட்ட சொல்லிடுங்க." எல்லாத் தலையும் ஆடியது. நல்ல வார்த்தை. யார் காதையும் சுடாத வார்த்தை.

பத்தாம் வகுப்புக் காதுகளில் ஒருத்திக்கு வாயாடி என்று பெயர். இவளையா காதாகப் போட்டீர்கள் என்று ஆசிரியர் அறையில் பெரிய சிரிப்பு. ஆனால் எவளோடும் ஒட்டிக்கொள்கிறவள். ஒரு மதியம் சாப்பிட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அக்கா, காதை ராஜினாமா பண்ணலாமா? முடியல. எங்க சைலன்சர் இருக்கால்ல?"

வகுப்பில் வாயே திறக்காத பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

"அவளுக்கு என்ன?"

"வாயைத் தொறந்தா ஒரே பாட்டு. 'போயிடணும் போல இருக்குடி, போயிடணும் போல இருக்குடி.' இந்த வாரம் பூரா."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "இதைச் சொன்னா ஓடி வரச் சொன்னேனேடி?"

"அட நீங்க வேற. மேத்ஸ் பீரியட்ல மொத்த கிளாஸும் அதைத்தான் சொல்லும். எல்லாரையும் இழுத்துட்டு வந்தா உங்க ரூம் தாங்குமா? நான்கூடச் சொன்னேன், 'போறதுன்னா டி.சி. வாங்கிட்டுப் போடி, நானே பஸ் ஏத்தி விடறேன்'னு."

"அதுக்கு என்ன சொன்னா?"

"சிரிச்சா. 'டி.சி. எல்லாம் தேவைப்படாதுடி'ன்னா."

சொல்லி முடித்த பிறகுதான் வாயாடிக்குத் தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்தது. "அக்கா..."

"இப்ப எங்க இருக்கா?"

"காலைல இருந்தா. சாப்பாட்டு பெல்லுக்கு அப்புறம் பாக்கலக்கா."

இருவரும் ஓடினார்கள். வகுப்பில் பை இருந்தது, ஆள் இல்லை. நூலகம் பூட்டிக் கிடந்தது. குழாயடியில் கேட்டார்கள், கைகழுவுகிறவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் அவள் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகளுக்குப் புரியாதபடி ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது யார்? அவளேதான். அட்டையை வீசியவளுக்கு இதை வீசத் துணிச்சல் வரவில்லையே.

மைதானத்து மேடைக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள் சைலன்சர். மடியில் திறக்காத டிபன் பாக்ஸ். தேடி வந்தவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"போயிடணும் போல இருக்குன்னு சொன்னியாமே."

"அவகிட்ட சும்மா சொன்னேன்." தலை நிமிரவில்லை.

"எங்க போகணும்?"

சைலன்சர் டிபன் பாக்ஸ் மூடியை நகத்தால் சுரண்டினாள். மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"செத்துப் போயிடணும்னு தோணுதா?"

பின்னால் நின்ற வாயாடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வானம் இடிந்து விழவில்லை. சைலன்சர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். ஒற்றை ஆளாய்த் தூக்கிக்கொண்டு வந்த மூட்டையில் ஒரு முனையை யாரோ பிடித்தால் தோள் தானாக இறங்குமே, அப்படி இறங்கியது அவள் தோள்.

"ஆமா." பிறகு, "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"கண்டெல்லாம் பிடிக்கல. கேட்டேன்."

அதற்குமேல் அழுகைதான். நடுநடுவே வார்த்தைகள். "காரணம் கேட்டா சொல்லத் தெரியலக்கா. வீட்ல ஒண்ணும் சண்டை இல்ல. காலைல எந்திரிச்சா நெஞ்சு மேல கல்லை வெச்ச மாதிரி இருக்கு. எல்லாரும் சிரிக்கறாங்க, எனக்கு மட்டும் சத்தம் தூரத்துல கேக்குது."

"இன்னிக்கு ஏதாவது பண்ணிக்கணும்னு இருந்தியா?"

"இன்னிக்கு... தெரியலக்கா."

"சரி. உன்னைத் தனியா விடமாட்டேன். அம்மாவைக் கூப்பிடறேன். டாக்டரையும் பாக்கறோம். இது சரியாகற விஷயம்."

"ஐயோ, அம்மா வேணாம்! கொன்னே போட்டுடும்."

"அதுக்கு மட்டும் எப்படிப் பயப்படறா பாருங்கக்கா!" என்று வாயாடி அழுதுகொண்டே கத்த, சைலன்சருக்கு மூக்கு ஒழுக ஒழுகச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அவளை முறைத்தாள். "யார்கிட்டயும் சொல்லாதன்னேன்லடி. எங்கூடப் பேசாத."

சைலன்சரை அழைத்துக்கொண்டு ஆலோசனை அறைக்குத் திரும்பியபோது, விஷயம் காதுக்கு எட்டியிருந்த ஹெச்எம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அந்த வார்த்தையைச் சொல்லியா கேட்ட?"

"சொல்லித்தான் கேட்டேன். நீங்க கேட்ட நல்ல வார்த்தையை நம்பி ஒரு வாரம் இந்தப் பிள்ளையைத் தனியா விட்டிருக்கேன் மேடம். நீங்க சொன்னதும் தப்பு, நான் தலையாட்டினது அதைவிடப் பெரிய தப்பு. காண்ட்ராக்டைக் கிழிக்கறதுன்னா அப்புறம் கிழிங்க. இப்ப போனைக் குடுங்க, டாக்டர்கிட்ட பேசணும்."

ஹெச்எம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சைலன்சரின் வீங்கிய முகம் கண்ணில் பட்டது. போனை நீட்டிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலையே திறந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

அம்மா தையல் கம்பெனியிலிருந்து அப்படியே வந்திருந்தாள். தோளெல்லாம் நூல் துணுக்கு. வந்ததும் பொரிந்து தள்ளினாள். "என்னடி குறை வெச்சோம் உனக்கு? செல்போன் கேட்டியா, வாங்கித் தரலையா? எங்க வம்சத்துலயே இந்த மாதிரி கிடையாது!"

"காய்ச்சல் வந்தா வம்சத்தையா பாக்கறீங்க? மாத்திரைதான குடுக்கறீங்க?" என்றாள் அவள். குரல் கொஞ்சம் ஏறித்தான் போனது. இறக்கிக்கொண்டாள். "குறை எதுவும் வைக்கல நீங்க. ஒரே ஒரு தடவை, திட்டாம, நீங்களே அவகிட்ட கேளுங்கம்மா."

"என்னன்னு கேக்க?"

"செத்துப் போயிடணும்னு தோணுதான்னு."

அம்மா மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஏம்மா... நீ..." உதடு அந்தச் சொல்வரைக்கும் போய்த் திரும்பிவந்தது. "உனக்கு..." மறுபடியும் திரும்பிவந்தது. பெற்ற வாய்க்கு அது வரவில்லை.

"ஆமாம்மா" என்றாள் மகள். "செத்துப் போயிடலாம்னு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை, பிடித்தாள்.

டாக்டரிடம் போக வெளியே ஆட்டோ வந்து நின்றது. சாமான் அறைக் கதவு ஒரு ஆள் மட்டும் நுழைகிற அகலம். முன்னாலோ பின்னாலோ போக அம்மா சம்மதிக்கவில்லை. பிடித்த கையோடு இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி, நிலையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பேச்சு நின்றுபோன வாயாடி, வகுப்பிலிருந்து எடுத்து வந்த பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.